டார்கஸ் தூக்கி வந்த தலை

எங்கள் ஊர் ஹேசல்கோட்டின் தேவாலயத் தோட்டத்தில் பழைய கம்பளி வியாபாரிகளின் கல்லறைகள் பெரிய கல்பெட்டிகளாக நிற்கின்றன. ஒன்றின் மூலையில் உப்பிய கன்னங்களோடு ஒரு குழந்தைத் தேவதையின் தலையைச் செதுக்கியிருந்தார்கள். எங்கள் பள்ளிக்கூடத்துச் சமையல்காரி டார்கஸ் கிளிசோல்டின் அண்ணன் சின்ன வயதில் எறிந்த கிரிக்கெட் பந்து அதன் இடது காதை உடைத்துவிட்டது. இப்போது அந்த அண்ணனும் இறந்து, அதன் பக்கத்தில்தான் புதைந்து கிடக்கிறான்.

போன வசந்தத்தில் ஒரு காலை, தலையைக் காணோம். உளியால் பெயர்த்த வெள்ளைத் தழும்பு மட்டும் இருந்தது. போலீஸ்காரர் படம் எடுத்தார். பாதிரியார் பிரார்த்திப்போம் என்றார். அதோடு சரி.

லண்டனிலிருந்து வாரக்கடைசிக்கு மட்டும் வந்துபோகும் பெரெக்ரின் வேல், ஜூனில் தன் தோட்டத்தை ஊராருக்குத் திறந்துவிட்டார். டார்கஸ் கேக் பரிமாற, நான் தேநீர் ஊற்றினேன். ரோஜாக்களுக்கு நடுவே, பறவைகள் குளிக்கும் தொட்டியின் விளிம்பில் அந்தத் தலை இருந்தது.

டார்கஸ் தட்டைக் கீழே வைத்தாள். "இது எங்க சர்ச்சோடது."

வேல் சிரித்தார். "பழைய சாமான் கடையில வாங்கினதும்மா. இந்த மாதிரி எத்தனையோ இருக்கும்."

"காது உடைஞ்சது இது ஒண்ணுதான். உடைச்சவன் எங்கண்ணன். அவன் பக்கத்துலேர்ந்து பேத்தெடுத்ததை வச்சு குருவி குளிப்பாட்டுறீங்களா?"

தலையை ஏப்ரனில் சுற்றி இடுப்பில் தூக்கிக்கொண்டாள். வேல் போலீஸைக் கூப்பிடுவேன் என்று கத்தினார். நான் கேட்டைத் திறந்துவிட்டேன். தெரு முழுக்க நடந்து போய், பாதிரியாரின் மேஜைமேல் அதை இறக்கினாள்.

அவரோ, தேவாலயக் கூரைக்கு வேல் பணம் தருவதாக இருக்கிறார், ஒரு மன்னிப்பு கேட்டுவிடு என்றார்.

"திருட்டுச் சாமானை வாங்கினது அவரு. மன்னிப்பு நான் கேக்கணுமா ஃபாதர்? மாட்டேன்."

இலையுதிர் காலத்தில் தலையைப் பழைய இடத்திலேயே ஒட்டினார்கள். அதன் கீழே பாதிரியார் வைத்த ஒரு பித்தளைப் பலகை: 'பெரெக்ரின் வேல் அவர்களின் அன்பளிப்பு.' எங்கள் பொருளை எங்களுக்கே தந்த வள்ளல்! டார்கஸ் அதைப் படித்தாள்.

அன்றிலிருந்து ஆராதனை நேரத்தில் அண்ணன் கல்லறை அருகே வெளியிலேயே உட்கார்ந்துவிடுகிறாள். போன ஞாயிறு நல்ல மழை. உள்ளே வரச் சொல்லிப் பாதிரியாரே வந்து நின்றார்.

"அந்தப் பலகையக் கழட்டுங்க, வர்றேன்."

அவர் தன் குடையை அவளிடம் நீட்டிவிட்டு உள்ளே போனார். பலகை இன்னும் அங்கேதான் இருக்கிறது.