குப்பை இல்லை, மக்கு

“மூக்கு ஒனக்கு மட்டுந்தான் இருக்கா மதினி? நாத்தம் பிடிக்கலேன்னா பொத்திக்கிட்டுப் போ. என் குழிக்கு மேல வந்து நின்னுக்கிட்டு எதுக்குக் கத்துற?”

என் தம்பி பெண்டாட்டி கித்தேரியம்மாள் என்னைப் பார்த்துத்தான் இப்படிச் சீறினாள். நானும் சும்மா விடவில்லை.

“ஓட்டல் எச்சியெல்லாம் கொண்டாந்து என் அடுப்படிக்குப் பின்னால பொதைச்சா, நான் சாம்பிராணி போட்டுக் கும்பிடவா செய்வேன்?”

இது எழுபத்தெட்டாம் வருடம் நடந்தது. கொடைக்கானல் ஏரிக்கு மேலே, சரிவில், எங்கள் இரண்டு வீடும் ஒரே சுவரில் ஒட்டிக்கொண்டு இருந்தன. எனக்குப் புருஷன் செத்துப் போயிருந்தான். அவளுக்கு இருந்தும் இல்லை. லாரியில் கிளீனராகப் போன என் தம்பி, திண்டுக்கல்லில் இன்னொருத்தியோடு தங்கிவிட்டான். கூடப் பிறந்தவன் என்பதற்காக அவனை நல்லவன் என்று சொல்ல மாட்டேன். கித்தேரி ஒரு நாள்கூட அழுது நான் பார்த்ததில்லை. “கழுவுறதுல ஒரு தட்டு மிச்சம்” என்று மட்டும் சொன்னாள்.

அவள் வடகவுஞ்சியில் பிறந்தவள். மண்ணில் வேலை செய்த கை. இங்கே வாக்கப்பட்டு வந்து, எங்கள் வீட்டுக்குக் கீழே இருந்த ஓட்டலில் பாத்திரம் கழுவினாள். ஓட்டலில் மிஞ்சிய காய்த்தோல், டீத்தூள், முட்டை ஓடு, எச்சில் சோறு எல்லாவற்றையும் பின்னால் ஓடும் ஓடையில்தான் தள்ளிக்கொண்டிருந்தார்கள். அதிகாரிகள் வந்து சத்தம் போட்ட பிறகு, முதலாளி கித்தேரியைக் கூப்பிட்டு, பின்பக்கச் சரிவில் குழி வெட்டிக்கொள்ளச் சொன்னார். அவள் இரண்டு குழி வெட்டினாள். ஓட்டல் கழிவு ஒரு அடுக்கு, மாட்டுச் சாணி ஒரு அடுக்கு, வெந்நீர் அடுப்புச் சாம்பல் ஒரு அடுக்கு, மேலே மண். ஒரு குழி நிறைந்ததும் அதை மூடிப் போட்டுவிட்டு அடுத்ததில் கொட்டுவாள். இந்த ஊர்க் குளிரில் எதுவும் வெரசாக மக்காது. பழைய குழி மக்கி முடிய ஒரு வருடம் போல ஆனது.

மக்கி என்ன பிரயோசனம்? வாங்க ஆள் இல்லை. மார்க்கெட்டுக்கு வரும் விவசாயிகளிடம் போய்ச் சொன்னால், “எச்சி எருவா? சாமிக்குப் படைக்கிற காய்க்கு அதையா போடச் சொல்ற?” என்று கேட்டார்கள். முதலாளியும் பொறுமை இழந்துவிட்டார்.

“பூஜை லீவுக்குள்ள, இதை எடுத்துட்டுப் போக ஒரு ஆளைக் காட்டு. இல்லேன்னா பன்னி வளக்குறவன் கேக்குறான், அவனுக்கு விட்டுருவேன். எடத்தையும் சேத்துத்தான்.”

கித்தேரிக்கு அந்தக் குழிகளை விட்டால் வேறு பிடிமானம் கிடையாது. பாத்திரம் கழுவிக் கழுவி விரலெல்லாம் வெடித்து, சலவைச்சோடாத் தண்ணீரில் கை வைக்க முடியாமல் போயிருந்தது. எரு விற்றுத்தான் இனிச் சாப்பாடு என்று முடிவு கட்டியிருந்தாள்.

கடைசியில் ஒருவர் வந்தார். மேல்மலைக் கவுஞ்சியில் உருளைக்கிழங்கு போடும் நல்லுசாமி. பழைய குழியில் கை விட்டு அள்ளி, மோந்து பார்த்தார்.

“மண்ணு மாதிரிதான் இருக்கு. காய் ஏத்த லாரி மேல வரும்போது காலியாத்தானே வருது. கெழங்கு ஊனுற நேரத்துல சொல்லி விடுறேன்.”

ஆவணி பிறக்கும் சமயத்தில் சொல்லி விட்டார். அன்று சலேத் மாதா திருவிழா. கித்தேரி தேர் பார்க்கப் போயிருந்தாள், நானும் போயிருந்தேன். லாரி டிரைவர் ஓட்டல் வாட்ச்மேன் ஜெபதுரையிடம் வந்து, “கவுஞ்சிக்கு ஒரு லோடு குப்பை வேணுமாம்” என்று கேட்டிருக்கிறார்.

கவுஞ்சியில் குப்பை என்றால் எரு. கிழங்குக் காட்டுக்குக் குப்பை அடித்தாச்சா என்றுதான் அங்கே கேட்பார்கள். ஜெபதுரை டவுனில் பிறந்து டவுனில் வளர்ந்தவன். அவனுக்குக் குப்பை என்றால் குப்பைதான். ரோட்டுக்குப் பக்கத்தில் இருந்த புதுக் குழியை வெட்டி ஏற்றி அனுப்பிவிட்டான். மேலே மண் போட்டு மூடியிருந்ததால் டிரைவருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. நல்லுசாமி அன்று பழனிக்குப் போயிருந்தார். அவர் பெண்டாட்டி சண்முகசுந்தரி, குப்பை என்றால் நாறத்தானே செய்யும் என்று நினைத்து, ஆள் விட்டு அதை அள்ளி, வரப்பு மாதிரி மண் அணைத்த பாரில் போட்டுக் கிழங்கையும் ஊன்ற வைத்துவிட்டாள். எச்சில் வாடைக்குக் காட்டுப்பன்றி இறங்கியது. பாதிக் காடு போய்விட்டது.

நல்லுசாமி எங்கள் வாசலில் வந்து நின்றார். சட்டைப் பையிலிருந்து சோடா மூடியையும் கோழி எலும்பையும் எடுத்துக் கீழே கொட்டினார்.

“இதையா விதைக்கச் சொன்ன? இது மொளச்சா சோடாதான் காய்க்கும். கவுஞ்சியில ஒருத்தரும் இனிமே ஒங்கிட்ட வரமாட்டாங்க, பாத்துக்க.”

கித்தேரிக்கு முகம் செத்துப் போனது. ஜெபதுரையைக் கூப்பிட்டாள்.

“ஏலே, எந்தக் குழியிலலே எடுத்த?”

“குப்பைன்னுதானக்கா கேட்டாங்க? குப்பையத்தான ஏத்துனேன். கிச்சன் வேஸ்ட்டு.”

“பழைய குழி என்ன, ஒங்க அப்பன் கல்லறைன்னு நெனச்சியாலே?”

நல்லுசாமிக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் அடக்கிக்கொண்டார். கித்தேரி அவர் பக்கம் திரும்பினாள்.

“அய்யா, இவன் மேல பழி போட்டு நான் தப்பிக்கல. எருவு என்னுது. நானே வந்து காட்டைச் சுத்தம் பண்ணித் தாரேன். பழைய குழியையும் வழிச்சுக் கொண்டாரேன்.” பிறகு என்னைப் பார்த்தாள். “நீயும் லாரியில ஏறு மதினி.”

“நான் எதுக்குடி?”

“நாத்தத்தைக் கண்டுபிடிக்க ஒன் மூக்கை விட்டா ஆளேது?”

ஏறினேன். ஏறாமல் என்ன செய்ய? அந்தப் பன்றிக்காரன் வந்தால் அடுத்த சுவர் என் சுவர்.

கவுஞ்சியில் படிப்படியாக இறங்கும் காடு. மழை பெய்து சேறாகக் கிடந்தது. குனிந்து குனிந்து எலும்பு, மூடி, உடைந்த கிளாசு என்று பொறுக்கினோம். நாறியதை எல்லாம் அள்ளிக் காட்டுக்குக் கடைசியில் குழி வெட்டி, சாணி கரைத்து ஊற்றி ஆழமாகப் புதைத்தோம். சண்முகசுந்தரி முதலில் முகம் கொடுக்கவில்லை. என் கையில் கிளாசு கிழித்த பிறகுதான் மஞ்சளும் காப்பியும் கொண்டு வந்தாள். மக்கிய எருவைப் பாரில் போட்டு, பரணில் மிஞ்சியிருந்த விதைக்கிழங்கை ஊன்றிவிட்டு இறங்கினோம். நல்லுசாமி எங்களை லாரியில் ஏற்றிவிட்டு வீட்டுக்குள் போய்விட்டார்.

திரும்பி வந்ததும் கித்தேரி ஜெபதுரையைக் குழிக்கரையில் நிற்க வைத்தாள்.

“இனிமே குப்பைங்கிற பேச்சே கெடையாது. லாரிக்குப் போறது மக்கு. மக்குன்னு கேட்டா மட்டும் ஏத்து.”

“மக்குன்னா என்னையத் திட்டுற மாதிரி இருக்குக்கா.”

“திட்டத்தான்லே செய்றேன். ஒன்னைய நெனச்சுக்க, பேரு மறக்காது.”

பூஜை லீவு நெருங்கியது. பன்றிக்காரன் வந்து இடத்தை அளந்து பார்த்துவிட்டுப் போனான். கித்தேரிக்குச் சோறு இறங்கவில்லை. எனக்கு ஆறுதல் சொல்லத் தெரியாது. முதலாளி அவளைக் கணக்கு முடிக்க வரச் சொன்ன அதே காலையில் காய் லாரியிலிருந்து நல்லுசாமி இறங்கி, நேராக முதலாளி மேசைக்கே போனார்.

“செடி எந்திரிச்சிருச்சு. மூட்டை உரம் போட்ட காட்டைவிடப் பச்சையா நிக்கி. இந்தம்மா மக்கு இனிமே எனக்குத்தான்.” அப்புறம் கித்தேரியைப் பார்த்தார். “ஆனா ஒண்ணு. இன்னொரு தடவ என் காட்டுல ஒரு சோடா மூடி கெடந்துச்சு, லோடை அப்படியே கொண்டாந்து இந்த ஓட்டல் வாசல்ல கொட்டுவேன்.”

“கொட்டுங்க. நானே அள்ளிப் போடுறேன்” என்றாள் கித்தேரி.

பன்றிக்காரன் பிறகு வரவில்லை. எண்பத்தைந்து வாக்கில் பக்கத்து ஓட்டல்களும் ஒரு பள்ளிக்கூட மெஸ்ஸும் அவளிடமே கொட்டின. கவுஞ்சிக்காரர்கள் மார்க்கெட்டில் வந்து “மக்கு எங்க இருக்கு?” என்று கேட்டால் டவுன்காரர்கள் ஜெபதுரையைக் கைகாட்டி விட்டுச் சிரிப்பார்கள். எங்கள் சண்டை மட்டும் ஓயவில்லை. மழைக்காலத்தில் அந்தக் குழி நாறத்தான் செய்தது, நான் கத்தத்தான் செய்தேன்.

நல்லுசாமி பேசிவிட்டுப் போன அந்த வாரமே, கித்தேரி என்னையும் இழுத்துக்கொண்டு வத்தலக்குண்டுக்குப் பஸ் ஏறினாள். இரும்புக் கடையில், கொத்தனார் மணல் சலிக்கும் பெரிய சல்லடையைக் காட்டச் சொன்னாள். வீடு கட்டுறீங்களா என்று கடைக்காரர் கேட்டார். “சோடா மூடி பிடிக்கப் போறேன்” என்றாள். சல்லடைக் கண்ணில் விரலை விட்டு ஆட்டிப் பார்த்து, கம்பி இளகியிருக்கிறது என்று இரண்டைத் தள்ளிவிட்டு, மூன்றாவதை எடுத்தாள். பேரம் பேசியும் அந்த ஆள் இறங்கவில்லை. முப்பத்திரண்டு ரூபாயையும் எண்ணி வைத்தாள்.