மீசை வைத்த திருஷ்டி பொம்மை

வீடு கட்டுகிறவர்களுக்கு அதில் குடியிருக்கும் ஆசைதான் முதலில் வரும். ஆரோக்கியசெல்விக்கோ கொழுந்தன் வயிறு எரிய வேண்டும் என்கிற ஆசைதான் முதலில் வந்தது. அதில் என்ன தப்பு? பாகூரில் அந்தத் தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

அவள் புருஷன் சேவியர் மஞ்சள் காமாலையில் போய்ச் சேர்ந்தான். முப்பதாம் நாள் பூசை முடிந்து சனம் கலைவதற்குள், சேவியரின் தம்பி இன்னாசிமுத்து அவள் துணிமூட்டையைத் தூக்கித் தெருவில் எறிந்தான். மழை ஓய்ந்திருந்த நேரம். மூட்டை அவிழ்ந்து அவள் புடவைகளும் செத்தவன் சட்டைகளும் சேற்றில் கிடந்தன.

"புள்ள இல்லாதவளுக்கு இந்த வூட்ல இன்னாமே பங்கு? முடிஞ்சா எதிர்ல ஒண்ணு கட்டிக்கோ, பாக்கலாம்" என்றான். அதுவரை அண்ணி, அண்ணி என்று வாய் நிறையக் கூப்பிட்டவன்தான்.

அன்றைக்கு அழுததோடு சரி. அதற்கப்புறம் அவள் அழவில்லை. தவளக்குப்பம் பக்கம் ஒரு பிஸ்கட் கம்பெனியில் பதினோரு வருஷம் அட்டைப்பெட்டி ஒட்டினாள். இலவச மனைப்பட்டா கொடுத்தபோது, இன்னாசிமுத்து வாசலுக்கு நேர் எதிரே இருந்த பள்ள மனைதான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள்.

"அங்க தண்ணி நிக்கும்மா, வேற பாரு" என்றார் அதிகாரி.

"தண்ணி நின்னா நிக்கட்டும் சார். கூட நானும் நின்னுக்கறேன்" என்றாள்.

தணிகைவேல் மேஸ்திரி கடைக்கால் போட்டு முடித்துவிட்டு, பேஸ்மட்டம் எவ்வளவு உயரம் என்று கேட்டார்.

"அவன் வூட்டுத் தரைய விட ரெண்டடி ஒசரம்."

"ரோட்ட விட இவ்ளோன்னுதான்க்கா எல்லாரும் கணக்கு சொல்வாங்க."

"ரோடா என்னத் தூக்கி எறிஞ்சிச்சி? சொன்னதச் செய்யி மேஸ்திரி."

கம்பெனி பஸ் வருவதற்கு முன்னால், விடியும்போதே எழுந்து சுவருக்குத் தண்ணீர் ஊற்றுவாள். குடத்துக்கு ஒரு வசவு. "எறிஞ்சியேடா பாவி, எறிஞ்சியே" என்று வீசி வீசி ஊற்றுவாள். எதிர்வீட்டு ஜன்னல் படக்கென்று சாத்திக்கொள்ளும். வசவைக் குடித்தே கெட்டிப்பட்ட சுவர் அது!

சுவர் ஆள் உயரம் எழும்பியதும் திருஷ்டி பொம்மை கட்ட வேண்டுமே. மற்றவர்கள் பூசணிக்காயில் ஒரு முகம் வரைந்து தொங்கவிடுவார்கள். இவள் ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து வைக்கோலில் ஓர் ஆளையே செய்தாள். பழைய கட்டம் போட்ட சட்டை ஒன்றை மாட்டினாள். தேங்காய் நாரில் முறுக்கு மீசை. கண்ணுக்குக் கூலிங் கிளாஸ். பொழுது சாய்ந்த பிறகும் கூலிங் கிளாஸைக் கழற்றாதவன் அந்த ஊரிலேயே ஒருத்தன்தான். அவன் கதவைத் திறந்தால் அதன் முகத்தில்தான் விழிக்க வேண்டும் என்று பார்த்துத் தொங்கவிட்டாள்.

"இன்னாசி மாமா தொங்குறார்டோய்!" என்று பள்ளிக்கூடப் பிள்ளைகள் கூவிக்கொண்டு ஓடினார்கள்.

அவன் பாய்ந்து வந்தான். "இது இன்னா, என்ன மாதிரியே கீது?"

"அப்டியா? பேய் மாதிரி இருக்கட்டும்னுதான் செஞ்சேன்" என்றாள்.

தளம் போட்டார்கள். தரை போட்டார்கள். பெயிண்டும் அடித்தாயிற்று. வீட்டை மந்திரிக்க வந்த பங்குச் சாமியார்கூட பொம்மையை அண்ணாந்து பார்த்து, சிரிப்பை அடக்கிக்கொண்டுதான் தீர்த்தம் தெளித்தார். ஆனால் வேலை முடிந்த வீட்டில் திருஷ்டி பொம்மை தொங்கக் கூடாது. இறக்கிக் கொளுத்திவிட வேண்டும். அதுதான் வழக்கம். எனவே மகராசி வேலையை முடிக்கவே இல்லை! வாசலுக்கு மேலே சன்ஷேடை மட்டும் பூசாமல் நிறுத்திவிட்டாள்.

"அர மூட்ட சிமிட்டி வேலைக்கா. பல்லு போன வாய் மாதிரி கீது" என்று தணிகைவேல் தலையில் அடித்துக்கொண்டார். மழை பெய்தால் அந்த இடத்தில் தண்ணீர் கசிந்து வாசல் நனையும். அவள் துடைத்துவிட்டுப் போய் நிம்மதியாகப் படுப்பாள்.

பொம்மை தொங்கி இரண்டு வருஷம் ஆனது. ஒரு காலையில் இன்னாசிமுத்து படியேறி வந்தான். கண்ணில் கண்ணாடி இல்லை.

"அண்ணி."

பதினாலு வருஷம் கழித்து வந்த அண்ணி!

"ஞாயித்துக்கெழம சாய்ந்தரம் கரியமாணிக்கத்துலேர்ந்து பொண்ணப் பாக்க வராங்க. அந்தப் பொம்மைய எறக்கிடுங்க அண்ணி. பாத்தா சிரிச்சிட்டுப் போயிருவாங்க. எம்பொண்ணு வாழ்க்க."

ஆரோக்கியசெல்விக்கு உச்சி குளிர்ந்தது. இந்த நாளுக்காகத்தானே அத்தனை குடம் சுமந்தாள்.

"பொண்ணு மேல எனக்கு இன்னா கோவம்? எறக்கிக்கோ. ஆனா நீயே ஏறி எறக்கணும். அன்னிக்குக் காலையில, பூச முடிஞ்சி சனம் வர்ற நேரத்துல."

அப்படியே ஆனது. கோயிலிலிருந்து திரும்பிய தெருவே நின்று பார்க்க, அவன் ஏணியில் ஏறிக் கயிற்றை அறுத்தான். கூலிங் கிளாஸ் கீழே விழுந்து உடைந்தது. யாரோ கைதட்டினார்கள். கொளுத்துவதற்கு இடுப்பிலிருந்து தீப்பெட்டியை எடுத்தவன், பொம்மையின் காலரைப் பிடித்தபடியே நின்றுவிட்டான். சட்டை வெயிலில் வெளுத்துப் போயிருந்தது. காலர் மடிப்புக்குள் மட்டும் நீலக்கட்டம் மிச்சம் இருந்தது. ஒரு ஈஸ்டருக்கு அண்ணன் தம்பி இரண்டு பேருக்கும் ஒரே துணியில் எடுத்துத் தைத்தது. அதன் ஜோடி அவனிடம் இன்னும் இருந்தது.

"எங்கண்ணன் சட்ட" என்றான்.

"ஆமா. நீ சேத்துல எறிஞ்சியே, அதுதான். பொறுக்கித் தொவச்சி வெச்சிருந்தேன். ரெண்டு வருஷமா உன் வாசலையே பாத்துக்கினு தொங்கினாரு. உனக்கு மீசதான் கண்ணுக்குத் தெரிஞ்சிது."

ஆரோக்கியசெல்வி உடைந்த கண்ணாடியைக் காலால் ஓரம் தள்ளினாள்.

"கொளுத்தறதுன்னா கொளுத்து. இல்லன்னா உன் வூட்டுக்குள்ள எடுத்துக்கினு போ. தெருவுல மட்டும் போட்டுடாத."

இன்னாசிமுத்து தீப்பெட்டியைக் கீழே போட்டான். வைக்கோல் உதிர உதிர, அந்தப் பொம்மையை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு தெருவைக் கடந்தான். அது அவன் வாசலைத் தாண்டி உள்ளே போகும் வரை ஆரோக்கியசெல்வி நின்று பார்த்தாள். அப்புறம் போனை எடுத்தாள்.

"மேஸ்திரி, நாளைக்கி வந்து சன்ஷேடப் பூசிடு."