அவருக்குக் கோபம், அவளுக்குப் பேய்

எழுபதுகளின் கடைசி. புதுச்சேரிப் பக்கம் பாகூர் ஏரிப் பாசனத்தில் எங்களுக்குக் கொஞ்சம் நிலம், கூட்டுக் குடும்பம். நான் இளைய மருமகள். மூத்த மருமகள் சைகோனில் பிறந்தவர். என் கணவரின் அண்ணன் பிரெஞ்சுப் பட்டாளத்துக்குச் சொல்தாவாக, அதாவது சிப்பாயாகப் போனவர். சண்டை முடிந்த பிறகும் அங்கேயே தங்கி, அந்த ஊர்ப் பெண்ணைக் கட்டிக்கொண்டு, பிற்பாடு அவரோடு ஊர் திரும்பினார்.

அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அடுப்படிக்குப் போதுமான தமிழ் பேசுவார். மீன் குழம்பு எங்களைவிட நன்றாக வைப்பார். ஆனால் தெருவில் சாவு ஊர்வலம் வரக் கூடாது. எங்கள் பக்கம் சுடுகாடு வரை வெடி போட்டுக்கொண்டேதான் போவார்கள். முதல் வெடிக்கே அக்கா கட்டிலுக்கடியில் புகுந்துகொண்டு தன் பாஷையில் கத்துவார். சத்தம் ஓய்ந்து வெகுநேரம் ஆனாலும் வெளியே வர மாட்டார்.

"அவ ஊரு பேய் கப்பலேறிக் கூடவே வந்துட்டுதுடி" என்றார் மாமியார். தெருவும் தலையாட்டியது. நம் முகஜாடை இல்லாதவருக்கு வருவது நம்முடைய வியாதியாக இருக்காது என்று எல்லோருக்கும் ஒரு நிச்சயம். அமாவாசையன்று பூசாரியிடம் கூட்டிப்போவதாக முடிவானது. அந்தப் பூசாரி வேப்பிலையோடு விடுகிறவர் இல்லை, சாட்டையும் எடுப்பார். அங்கே போய்வந்த ஒரு பெண்ணின் முதுகைக் குளத்துப் படியில் பார்த்திருக்கிறேன்.

அமாவாசைக்கு முந்தின நாள் ஊரில் பெரிய சாவு. வெடி தொடங்கியதும் அக்கா கட்டிலுக்கடியில். அவர் கணவரைக் கூப்பிட ஓடினேன், ஆளைக் காணோம். வெடி போடும் நாளில் அவர் வீட்டில் இருந்ததே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. பொழுது சாய்ந்து குடித்துவிட்டு வந்து கத்துவார். பட்டாளத்துக் கோபம் என்று எல்லோரும் மரியாதையாக ஒதுங்கிக்கொள்வோம்.

கழனி மோட்டார் கொட்டகையில் இருந்தார். மூலையில் குந்தி, துண்டால் காதை இறுக்கிக் கட்டியிருந்தார். அத்தனை பெரிய உடம்பு வெடவெடவென்று நடுங்கியது.

"வூட்ல சொல்லிடாதம்மா" என்றார்.

பரிதாபமாகத்தான் இருந்தது. அதைவிட ஆத்திரம் வந்தது. அதுவரை அவர் எதிரில் நிமிர்ந்து பேசாதவள் நான். "அக்காவுக்குப் பேய்னா உங்களுக்கு இன்னா மாமா?" என்று கேட்டேன். அவர் துண்டை இன்னும் இறுக்கிக்கொண்டார். "நாளைக்கு அவங்களைச் சாட்டையால அடிப்பாங்க. நீங்க இங்கியே குந்திகினு இருங்க" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

மறுநாள் காலை வண்டி பூட்டி நின்றது. மாமியார் எலுமிச்சம்பழத்தைத் துணியில் முடிந்துகொண்டிருந்தார். மாமா சட்டை போட்டுக்கொண்டு வந்து மாட்டுக்கு முன்னால் நின்றார். "எனக்கும் அதேதாம்மா. அடிக்கிறதுன்னா மொதல்ல என்னை அடிக்கச் சொல்லு" என்றார்.

மாமியார் முடிச்சை அப்படியே விட்டுவிட்டு மகனையே பார்த்தார். அந்த நேரத்தை நான் விடவில்லை. அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, "வாங்க மாமா, பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்றேன்.

புதுச்சேரி ஆஸ்பத்திரியில் யாருக்கு உடம்பு சரியில்லை என்று டாக்டர் கேட்டார். மாமா மனைவியைக் காட்டினார். "ரெண்டு பேருக்கும்" என்றேன் நான்.

அக்கா தன் பாஷையில் நெடுநேரம் பேசினார். தமிழில் சொல்ல வேண்டிய மாமா பாதியிலேயே விசும்ப ஆரம்பித்துவிட்டார். கல்யாணத்துக்கு முன்னால் அக்காவின் வீட்டின் மேல் குண்டு விழுந்திருக்கிறது. கட்டிலுக்கடியில் இருந்ததால் வீட்டில் அவர் ஒருவர்தான் பிழைத்தாராம். கட்டின கணவருக்கே அன்றைக்குத்தான் அது தெரிந்தது.

அதன்பின் மாதாமாதம் மூன்று பேரும் பஸ் ஏறினோம். பைத்தியக்கார வீடு என்று தெருவில் பேர் வந்தது. வந்துவிட்டுப் போகட்டும் என்று இருந்தேன். இருவருக்கும் முழுசாகக் குணமாகிவிடவில்லை. ஆனால் மாமா குடியைக் குறைத்தார். அக்கா தூங்கினார்.

அடுத்த சாவு ஊர்வலம் வந்தபோது நடுத்தெருவில் போய் நின்றேன். "எங்க வூட்டைத் தாண்டிப் போய் வெடிங்கண்ணா" என்றேன். செத்தவருக்கு மரியாதைக் குறைவு என்று சத்தம் போட்டார்கள். அவர்கள் சரி என்று சொல்லும்வரை நான் நகரவில்லை.

இன்றைக்கும் எந்த வீட்டிலாவது ஒரு பெண்ணுக்குப் பேய் பிடித்திருக்கிறது என்று சொன்னால், அந்த வீட்டு ஆண்கள் அந்த நேரத்தில் எங்கே இருக்கிறார்கள் என்றுதான் நான் முதலில் கேட்கிறேன்.