பாதியில் நின்ற தண்ணீர்

வியாழக்கிழமைப் பேச்சுக்கு வரவேண்டியவர்கள் பட்டியலில் தன் பெயரைப் பார்த்ததும் சுபார்த்தி முதலிலிருந்து மறுபடி எண்ணிப் பார்த்தாள். கொதிகலன் அறைக் கதவில் ஒட்டியிருந்த தாளில் ஆறு பெயர்கள். நான்காவது அவளுடையது. மேலே புது மேலாளர் திகோர் தன் கையாலேயே எழுதியிருந்தார்: "மனம்விட்டுப் பேசலாம். பயம் வேண்டாம்."

பயம் வேண்டாம் என்று எழுதி ஒட்டினால் யாருக்குத்தான் பயம் வராது? ஜாவாத் தீவின் செகார்வாங்கி சர்க்கரை ஆலைக்காரர்கள் ஒரு தடவை சூடு பட்டவர்கள். இவருக்கு முன்னால் இருந்தவரும் ஒவ்வொருவராக அறைக்குக் கூப்பிட்டு, மல்லிகைத் தேநீர் கொடுத்து, குடும்பம் எப்படி, வேலை பிடித்திருக்கிறதா என்று அன்பொழுக விசாரித்தார். விசாரிக்கப்பட்ட நாற்பத்து மூன்று பேரும் அடுத்த மாதம் வீட்டில் உட்கார்ந்திருந்தார்கள்.

சுபார்த்திக்கு நாற்பத்தாறு வயது. பத்தொன்பதில் ஆலை முற்றம் கூட்ட வந்தவள். அவள் கையெழுத்து முத்து முத்தாக இருப்பதை யாரோ கண்டு சொல்ல, கொதிகலன் அறையில் பதிவேடு எழுதும் வேலை கிடைத்தது. வேலை சுலபம்தான். கொதிகலனின் பக்கவாட்டில் ஒரு கண்ணாடிக் குழாய் இருக்கும். உள்ளே தண்ணீர் எவ்வளவு நிற்கிறது என்று அது காட்டும். மணிக்கொரு தரம் அதைப் பார்த்து எண்ணை எழுத வேண்டும். தண்ணீர் அளவுக்குக் கீழே போனால் உள்ளே இரும்பு காய்ந்து பழுக்கும். பழுத்த இரும்பில் மறுபடி தண்ணீர் விழுந்தால் அந்த அறையில் நிற்கும் யாருக்கும் எலும்புகூட மிஞ்சாது. அவள் கணவன் கிரான் அதே அறையில்தான் உலைக்குக் கரும்புச் சக்கை தள்ளுகிறவன்; கண்ணாடிப் பக்கம் போகிற வேலை அவனுக்கு இல்லை.

ஆறு வருடங்களுக்கு முன்னால், அரைவை மும்முரமாக நடந்துகொண்டிருந்தபோது, அந்தக் கண்ணாடி செத்துப்போனது. உப்புப் படிந்து மேல்வாயும் கீழ்வாயும் அடைத்துக்கொண்டன. உள்ளே மாட்டிக்கொண்ட தண்ணீர் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. பாதியில் அப்படியே நின்றது. சுபார்த்தி ஓடிப்போய் மேஸ்திரி மாங்குனிடம் சொன்னாள். அங்கே பெண்களை அம்மா என்ற பொருளில் 'பு' என்றும், ஆண்களை ஐயா என்ற பொருளில் 'பாக்' என்றும்தான் கூப்பிடுவார்கள்.

"இப்ப மேல சொன்னா ஆலைய நிறுத்துவாங்க," என்றார் மாங்குன். "பெரியவங்க முகம் சுளிக்கிற மாதிரி காகிதம் அனுப்பி நமக்குப் பழக்கமில்லை பு. தண்ணிய நான் பாத்துக்கறேன். நீ எழுது."

அவர் பார்த்துக்கொண்டார் என்பது உண்மை. ஒரு மரக்குச்சியால் கொதிகலனைத் தட்டி, காதை வைத்துக் கேட்டு, தண்ணீர் எங்கே நிற்கிறது என்று விரற்கடை பிசகாமல் சொல்லிவிடுவார். அவள் எழுதினாள். ஐம்பது, நாற்பத்தொன்பது, ஐம்பத்தொன்று. ஒரே எண்ணாக இருந்தால் பொய் என்று தெரிந்துவிடுமே என்று மாற்றி மாற்றி எழுதினாள். அரைவை முடிந்ததும் கண்ணாடியை மாற்றலாம் என்று பேச்சு. ஆனால் எல்லாம் சரியாக இருக்கிறது என்று பதிவேடு சொல்லும்போது எந்த முகத்தோடு பழுது பார்க்கக் கேட்பது? அந்த வருடம் போயிற்று. அடுத்த வருடம் சிறந்த பதிவேடு என்று தலைமை அலுவலகம் அவளுக்குப் பாராட்டுப் பத்திரம் அனுப்பியது. அதற்குப் பிறகு வாய் திறப்பதாவது.

வியாழக்கிழமை பாய் விரித்து வட்டமாக உட்கார்ந்தார்கள். திகோர் சுமத்ராத் தீவின் மேடான்காரர். பட்டாக் இனத்துக்கே உரிய உரத்த குரல், சாதாரணமாகப் பேசினாலே சண்டைக்கு வருவது மாதிரி இருக்கும். நல்ல மனிதர்தான். ஆனால் ஜாவாக்காரர்கள் அவர் வாயைத் திறக்கும்போதெல்லாம் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

"இந்த வேலைல உங்களுக்கு என்ன அர்த்தம் இருக்கு? மேலதிகாரிங்க எப்படி நடந்துக்கணும்? எது மாறணும்? தைரியமா சொல்லுங்க."

"எல்லாம் நல்லா இருக்கு பாக்," என்றான் முதல் ஆள். இரண்டாவது ஆளும் அதையே சொன்னான். மூன்றாவது ஆள் புதுமையாக, "ரொம்ப நல்லா இருக்கு பாக்," என்றான். போன வாரம் போய்வந்தவர்கள் சொல்லிக்கொடுத்து, ஊரே மனப்பாடம் பண்ணி வைத்திருந்த பதில் அது.

சுபார்த்தியின் முறை வந்தது. "கையெழுத்து அடித்தல் திருத்தல் இல்லாம இருக்கணும் பாக். அவ்வளவுதான் எனக்கு."

திகோரின் முகம் மலர்ந்தது. பக்கத்தில் இருந்த மூன்று பதிவேடுகளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "கேட்டீங்களா? இதுதான் அர்த்தம். இந்த ஆலைல நான் முழுசா நம்புற ஒரே காகிதம் பு சுபார்த்தியோடது. மூணு வருஷத்தையும் உட்கார்ந்து படிச்சேன். ஒரு குறை இல்லை. இப்படி எண் இருக்கறப்ப ஒருத்தர் காதையும் குச்சியையும் நம்பி எதுக்கு ஆலை ஓடணும்? பாக் மாங்குனைக் கரும்பு முற்றத்துக்கு மாத்திட்டேன். கண்ணாடியப் பார்த்து பம்பைத் திறக்க யாரும் கத்துக்கலாம். சனிக்கிழமை இந்த வருஷ அரைவைக்கு முதல் தீ வைக்கறோம். அதுலேர்ந்து கொதிகலன் பொறுப்பு கிரானுக்கு."

எல்லோரும் அவளைப் பார்த்துச் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். அங்கே எது நடந்தாலும் முதலில் சிரித்துவிட வேண்டும். அதுவரை வேலை போய்விடும் என்றுதான் பயந்துகொண்டிருந்தாள். அது எவ்வளவு சின்னப் பயம் என்று இப்போது தெரிந்தது.

பேச்சு முடிந்ததும் கரும்பு முற்றத்துக்கு ஓடினாள். மாங்குன் கிராம்புச் சிகரெட்டோடு ஒரு கரும்புக் கட்டின்மேல் உட்கார்ந்திருந்தார்.

"பாக், நீங்க போய் ஒரு வார்த்தை சொல்லணும். உங்களுக்கும் எனக்கும்தான் தெரியும்."

"எனக்கு என்ன தெரியும்? நான் கரும்புக் கட்டு எண்ணுறவன்."

"கிரான் நிக்கப்போறாரு அங்க."

"புத்தகம் ரொம்ப அழகா இருக்காமே. புத்தகம் பாத்துக்கும்," என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அந்த ஊரில் மனம் புண்பட்டவன் கத்தமாட்டான். வாயை மூடிக்கொள்வான். மூடிய வாயைக் கடப்பாரை போட்டாலும் திறக்க முடியாது. முப்பது வருடம் அந்தக் கொதிகலனுக்குத் தாதியாக இருந்த மனிதர் இப்படி அழும்பு பிடிப்பாரா என்று அவளுக்கு ஆத்திரம் வந்தது. பொய்யை எழுதிய கை தன்னுடையது என்று நினைத்ததும் ஆத்திரமும் அடங்கிப்போயிற்று.

வீட்டில் கிரான் சனிக்கிழமைக்குப் போட வேண்டிய சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தான்.

"இனிமே என்னை மேஸ்திரின்னுதான் கூப்பிடணும். ஆமா, அந்த மனுஷன் அர்த்தம் கேட்டாராமே? என்கிட்ட கேட்டிருந்தா ஒரு தட்டு சோறும் ரெண்டு துண்டு சோயாத் தெம்பேயும்னு சொல்லியிருப்பேன்."

"பாக்னே," என்று கணவனைக் கூப்பிட்டாள். "அந்த வேலை வேண்டாம்னு சொல்லிடுங்களேன்."

"பொறாமையா? பத்திரம் வாங்கின அம்மாவுக்குப் புருஷன் ஒரு படி ஏறினா பொறுக்கலையா?" என்று சிரித்தான். இருபது வருடம் சக்கை தள்ளியவன் வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு பதவிக்குச் சட்டை தேய்க்கிறான். சுபார்த்தி சொல்ல வாயெடுத்தாள். வரவில்லை.

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து திகோரின் அறைக்கு ஆள் போவது நின்றதும், அவள் கதவைத் தட்டினாள். உட்காராமலே எல்லாவற்றையும் சொன்னாள். கண்ணாடி, குச்சி, ஆறு வருடம், ஐம்பது, நாற்பத்தொன்பது. சொல்லச் சொல்ல அந்த உரத்த குரல்காரரின் முகம் வெளுத்துக்கொண்டே வந்தது.

"இதை வேற யார்கிட்ட சொன்னீங்க?"

"யார்கிட்டயும் இல்லை பாக்."

திகோர் எழுந்து போய் கதவைச் சாத்தினார். "நாளைக்குச் சுரபாயா தலைமை அலுவலகத்துலேர்ந்து இயக்குநருங்க வராங்க. கொதிகலன் சரியா இருக்குன்னு உங்க புத்தகத்தை வச்சு நான் கையெழுத்துப் போட்டு அனுப்பி ரெண்டு வாரமாச்சு. நாளைக்கு ஒரு நாள் வழக்கம்போல எழுதிடுங்க பு. சின்னத் தீதான். திங்கட்கிழமை நானே கண்ணாடியக் கழட்டறேன்."

"பாக், நீங்கதானே பயப்படாம சொல்லச் சொன்னீங்க."

திகோர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். அந்தக் கண்ணில் கோபம் இல்லை. அவளைப் போலவே பயம் இருந்தது. ஆலையில் இவருக்கு மேலே சொல்ல இனி யாரும் இல்லை.

சனிக்கிழமை காலை கொதிகலன் அறையில் எள் போட்டால் விழாத கூட்டம். முதல் தீக்கு வேலைக்காரர்களின் குடும்பமே வருவது வழக்கம். மஞ்சள் சோற்றைக் கோபுரமாகக் குவித்து, முழுக் கோழியைச் சாய்த்து வைத்து, பெண்கள் கொதிகலனுக்கு நேர் முன்னால் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். குழந்தைகள் தீ வைத்ததும் வரப்போகும் வெதுவெதுப்புக்காக இன்னும் நெருங்கி உட்கார இடம் பிடித்தார்கள். கிரான் விடியற்காலையிலேயே வந்து பம்பைத் திறந்திருந்தான். கண்ணாடியைப் பார்த்தான், பாதி. உடனே மூடிவிட்டான். இவ்வளவு சீக்கிரம் நிறைந்துவிட்டதே என்று பெருமையாக எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தான்.

சுபார்த்தி அதைக் கேட்டாள். கொதிகலனில் கிட்டத்தட்டத் தண்ணீரே இல்லை.

ஊர்ச் சடங்குகளை நடத்தும் மோடின் துவா ஓதி முடித்தார். பதிவேட்டில் முதல் வரி எழுதி, மேலாளர் கையெழுத்துப் போட்ட பிறகுதான் தீ வைப்பார்கள். இயக்குநர்கள் வரிசையாக நின்றார்கள். சுபார்த்தி பேனாவை எடுத்தாள். முதல் தடவையாக எழுத்து கோணியது. தேதி, நேரம். தண்ணீர் அளவு என்ற கட்டத்தில், தெரியவில்லை என்று எழுதினாள். புத்தகத்தைத் திகோரிடம் நீட்டினாள்.

திகோர் படித்தார். நெற்றியில் வேர்வை கொட்டியது. கிரான் தீப்பந்தத்தோடு உலை வாயில் தயாராக நின்றான்.

"பு சுபார்த்தி," என்றார் திகோர். மெதுவாகப் பேச முயன்றாலும் எல்லோருக்கும் கேட்டது. "தண்ணி எவ்வளவு இருக்கு?"

ஒரு எண் சொல்லிவிடு என்று அந்தக் குரல் கெஞ்சியது. ஐம்பது என்று சொன்னால் போதும். ஆறு வருடமாக நாக்கில் பழகிய எண்.

"தெரியலை பாக். எனக்கு எப்பவுமே தெரியாது."

திகோர் இயக்குநர்களைப் பார்த்தார். பாயில் இருந்த குழந்தைகளைப் பார்த்தார். கையெழுத்துக்கு எடுத்த பேனாவை மூடினார்.

"தீ வைக்கக் கூடாது. எல்லாரும் வெளில போங்க. முதல்ல குழந்தைங்க." அந்தப் பெரிய குரல் உடைந்து கீச்சென்று வந்தது.

கூட்டம் சோற்றை விட்டுவிட்டு வாசலுக்கு நெருக்கியடித்தது. எதிர்த்திசையில் ஒரு ஆள் மட்டும் உள்ளே வந்தார். மாங்குன். யாரையும் பார்க்கவில்லை. குச்சியால் கொதிகலனை மேலே தட்டினார், நடுவில் தட்டினார், காதை வைத்துக் கேட்டுக்கொண்டே குனிந்தார். கடைசியில் தரையில் மண்டியிட்டு, தன் முழங்கால் உயரத்தில் கையை வைத்தார். கை அங்கேயே நின்றது. அவருக்கு மேலே, கொதிகலனின் பக்கவாட்டில், கண்ணாடியில் தண்ணீர் பாதியில் நின்றது.

கிரான் அந்தக் கையைப் பார்த்தான். கண்ணாடியைப் பார்த்தான். தீப்பந்தத்தை வாளித் தண்ணீரில் முக்கி அணைத்துவிட்டு, தேய்த்த சட்டையில் கரி பட்டதைக் கவனிக்காமல் மனைவியிடம் வந்தான்.

"எத்தனை வருஷமா பார்த்தி?"

"ஆறு."

அவன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் முகத்தில் அப்படி ஒரு பயத்தை அவள் அதுவரை பார்த்ததில்லை. அது கொதிகலனைக் கண்டு வந்த பயமில்லை.

"தினமும் காலைல நீதானே எனக்குச் சோறு கட்டிக் கொடுத்து, இங்க கூட்டிட்டு வந்தே," என்றான்.