காதில் சொன்ன பாஸ்வேர்டு

போடிமெட்டு ஏலக்காய்த் தோட்டத்து மேனேஜரை ஒரே ஒரு முறைதான் நேரில் பார்த்திருக்கிறேன். எனக்கு மலையடிவாரத்தில், போடியில் கம்ப்யூட்டர் கடை. அன்று காலை கடையில் இருந்தபடியே அவருடைய கம்ப்யூட்டரை என் திரையில் திறந்து, மத்தியான ஏலத்துக்கு அவருக்காக நான் அனுப்ப வேண்டிய சரக்குப் பட்டியலை எடுத்துக்கொண்டேன். அடுத்த தோட்டத்துக்காரர் பார்த்துவிடுவார் என்ற பயத்தில் அதற்குப் பாஸ்வேர்டு போட்டிருந்தார்.

போனில் கூப்பிட்டு, "பைலு வந்த வழியிலேயே பாஸ்வேர்டை அனுப்பாதீங்கண்ணே, வேற வழியில அனுப்புங்க" என்றேன்.

"சரி அப்பு" என்று வைத்தவர், அப்புறம் போனையே எடுக்கவில்லை. ஏல நேரம் நெருங்க நெருங்க நானும் விடாமல் அடித்துக்கொண்டே இருந்தேன்.

கடைசியில் கடை வாசலில் ஒரு ஜீப்பு வந்து நின்றது. பெரிய மீசை, அந்த வெயிலிலும் காதை மூடிய மப்ளர். இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, மப்ளரால் வாயை மறைத்தபடி என் காதில் பாஸ்வேர்டைச் சொன்னார்.

"போன்லயே சொல்லிருக்கலாமேண்ணே?"

"நீதான அப்பு வேற வழியில அனுப்பச் சொன்ன? அதான் வெரசா எறங்கி வந்தேன்."

பட்டியல் திறந்தது, நேரத்துக்குப் போயும் சேர்ந்தது. அவர் டீகூடக் குடிக்காமல் மலையேறிவிட்டார். பாஸ்வேர்டு வெறும் நாலெழுத்துதான். ஆனாலும் இன்றுவரை அதை என் மனைவியிடம்கூடச் சொன்னதில்லை.