தொந்தரவே இல்லாத பிள்ளை

வடமதுரை பக்கம் எங்களுக்குச் செண்டுமல்லித் தோட்டம். பறித்த பூவைத் தரம் பிரிக்கும்போது, இரண்டு வயது மகள் யாழினியைப் பக்கத்தில் உட்கார வைப்பேன். பூக்களை ஒரே வரிசையாக அடுக்கிக்கொண்டே இருப்பாள். தூக்கச் சொல்லி அழமாட்டாள். தொந்தரவே இல்லாத பிள்ளை என்று எல்லாரிடமும் பெருமை பேசினேன்.

அவள் காதுகுத்துக்கு வந்த என் நாத்தனார் என்னைத் தனியே அழைத்தார். "அண்ணி, காது குத்தி அழுதப்பக்கூட அவ உங்களத் தேடல. பேர் சொல்லிக் கூப்புட்டா திரும்ப மாட்டேங்குறா. வேணுங்கிறத வெரல் நீட்டிக் காட்டவும் இல்ல. ஒரு எட்டு டாக்டர்ட்ட காமிச்சுருவோம்."

விசேஷ வீட்டில் பேசுகிற பேச்சா என்று கோபம் வந்தது. ஆனாலும் மனசு கேட்காமல் திண்டுக்கல்லுக்குப் போனோம். காது நன்றாகக் கேட்கிறது, ஆட்டிசம் இருக்கிறது என்றார் டாக்டர். "நல்லவேள, சீக்கிரமே கூட்டியாந்துட்டீங்க" என்று பயிற்சியையும் தொடங்கி வைத்தார்.

இப்போது நானும் அவளோடு உட்கார்ந்து பூ அடுக்குகிறேன். ஒரு பூவைக் கையில் வைத்துக்கொண்டு, அவள் என்னைப் பார்க்கும்வரை காத்திருப்பேன். போன வாரம் என் முகத்தைப் பார்த்து, அந்தப் பூவை விரல் நீட்டிக் காட்டினாள்.

பூவை அவளிடம் கொடுத்துவிட்டு, முதல் போனை நாத்தனாருக்குத்தான் போட்டேன்.