பெரியப்பா அணைத்த ஓட்டம்

மகளின் பள்ளி விளையாட்டு விழாவில் ஓட்டத்தைத் தொடங்கும் துப்பாக்கி வெடித்தது. பிள்ளைகள் பாய்ந்தார்கள். எனக்கோ ஆரணியில் பெரியப்பா வீட்டுக் கூடம் நினைவுக்கு வந்தது.

எண்பதுகளின் நடுப்பகுதி. பட்டு வியாபாரியான பெரியப்பா வீட்டில்தான் கலர் டி.வி. இருந்தது. ஆசியப் போட்டியில் பெண்களுக்கான நூறு மீட்டர் இறுதி ஓட்டம். நம் நாட்டுப் பெண் ஒருத்தி கோட்டில் குனிந்திருந்தாள். மாவட்டப் போட்டிகளில் ஓடிக்கொண்டிருந்த என் அக்கா கலா மூச்சுவிடாமல் பார்த்தாள்.

“அரை டிராயரு போட்டுகினு ஓடுது, இத வாயப் பொளந்து பாத்துகினு இருக்கீங்களே” என்றார் பெரியப்பா. வெற்றிலைச் சாறு அவர் மோவாயில் வழிந்தது. வாசல்வரை நடந்தாலே மூச்சு வாங்குகிற மனிதர். வெடிச்சத்தம் கேட்ட கணத்தில் டி.வி.யை அணைத்தார்.

அக்கா பஜாருக்கு ஓடினாள். டி.வி. கடை முன் கூடியிருந்த ஆண்களை விலக்கி, மறுபடி காட்டிய ஓட்டத்தைப் பார்த்துவிட்டு வந்தாள்.

“நம்ம பொண்ணு ரெண்டாவதா வந்துச்சி, பெரிப்பா.”

“மொதல்ல வரலியா?” என்று இளித்தார்.

“நீங்க சுவிட்சாண்டருந்து நாற்காலிக்குத் திரும்பறதுக்குள்ள அது ஓடியே முடிச்சிட்ச்சி.”

கன்னத்தில் அறை விழுந்தது. மறுநாள் விடியலிலும் அக்கா மைதானத்துக்குப் போனாள்.

சில வருடங்களில் விளையாட்டு ஒதுக்கீட்டில் அவளுக்குப் போலீஸ் வேலை கிடைத்தது. “எங்க ஊட்டு டி.வி.ய பாத்துதான் ஓட கத்துகினா” என்று அந்த மனிதர் பஜாரெல்லாம் கூசாமல் சொல்லித் திரிந்தார்.

நான் கொதித்தேன். “அந்தாளுக்குப் பதில் சொல்ற நேரத்துல நான் ஒரு ரவுண்டு ஓடிட்டு வந்துருவேன்” என்றாள் அக்கா.

இங்கே மகளின் பள்ளி மைதானத்தில் அடுத்த ஓட்டத்துக்குச் சிறுமிகள் வரிசையில் நின்றார்கள். பெரியப்பாவின் நினைப்பை உதறிவிட்டு எழுந்து நின்று பார்த்தேன்.